கை ஆடாது, ஆள்தான் ஆடுவார்: ஒரு காசிமேட்டு மாஸ்டரின் நிகழ்வு ஆய்வு

மாஸ்டருக்கு 54 வயது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். சாயங்காலமானால் தெருமுனை கேரம் கிளப்பில் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பார். 'மாஸ்டர்' என்ற பெயர் அங்கே வந்தது. தலைக்காயத்துக்குப் பிறகு அவருக்கு நடையின் நிதானம், மனநிலை, ஞாபகம் மூன்றும் சேர்ந்து குலைந்தன. வீட்டுக்குப் போய் அவருக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அவரும் அவர் மனைவியும் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதக் காரணம் அவருடைய கிண்டல் பேச்சு. அதை மருத்துவமனையில் மூளைக்காயத்தின் அறிகுறி என்றார்கள். தெருவில் 'தைரியசாலிப்பா' என்றார்கள். வீட்டில் 'பொறுப்பே இல்ல' என்றார்கள். ஒவ்வொன்றும் சில நாள் உண்மையாகத்தான் இருந்தது. எந்தச் சிரிப்பு எந்த வகை என்று பிரித்துப் பார்த்ததுதான் இந்தச் சிகிச்சையில் பாதி வேலை என்று நினைக்கிறேன்.

விபத்தும் காயமும்

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு ராத்திரி, நண்பரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார். ஓரத்து மணலில் வண்டி சறுக்கியது. மல்லாக்க விழுந்ததில் பின்மண்டை சிமென்ட் தடுப்பில் மோதியது. ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குப் போனார். முதல் 48 மணி நேரச் சிகிச்சை, 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் நடந்தது. சேர்க்கும்போது சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவு 11. அந்த அளவு 3 முதல் 15 வரை போகும். 9 முதல் 12 வரை நடுத்தரக் காயம்.

அடி விழுந்தது பின்னால், ஸ்கேனில் காயம் தெரிந்தது முன்னால். வீட்டில் எல்லோரையும் குழப்பிய விஷயம் இது. மல்லாக்க விழுகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். மண்டையோடு சட்டென்று நின்றுவிடும், உள்ளே இருக்கும் மூளை நிற்காது. கண்ணுக்கு மேலேயும் பின்னாலும் இருக்கும் எலும்பின் சொரசொரப்பான தளத்தில் முன்மூளையின் அடிப்பாகமும், காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுப் பக்க மூளையின் நுனியும் உரசி நசுங்கும். முன்மூளை நம்மை அடக்கிவைக்கிற, ஒரு காரியத்தைத் தொடங்கவைக்கிற, மனநிலையைச் சமன்படுத்துகிற இடம். நெற்றிப்பொட்டுப் பக்கம் புது ஞாபகங்கள் பதிவாக உதவுகிற இடம். மாஸ்டருக்கு இவற்றோடு சிறுமூளையின் நடுப்பகுதியிலும் சின்ன ரத்தக் கசிவு இருந்தது. சிறுமூளையின் பக்கவாட்டில் அடிபட்டால் கை தடுமாறும்; நடுவில் அடிபட்டால் உடம்பும் நடையும் தடுமாறும். அதனால்தான் இவருக்குக் கை ஆடாது, ஆள்தான் ஆடுவார்.

அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் முதல் இரண்டு வாரத்துக்கும் மேலாக எதுவும் மனதில் பதியாமலே இருந்தது. வார்டில் தினமும் 'இன்னிக்கு என்ன கிழமை?' என்று கேட்பார்கள். அவர் பதில்: "நீங்களே காலண்டரைப் பாத்துட்டுத்தானே கேக்குறீங்க டாக்டர், அதை இங்க மாட்டிடுங்களேன்."

மூக்கும் போய்விட்டது. வாசனை நரம்பின் மெல்லிய இழைகள் அதே இடத்து எலும்பின் வழியாகத்தான் போகின்றன, இந்த மாதிரி விழும்போது அறுந்துவிடும். "காசிமேட்டுல மூக்கு போனவன் கொடுத்துவச்சவன்" என்று அவர் சொன்னதும் நானும் சிரித்தேன். சிரித்து முடித்த கையோடு சமையலறைக்குப் போய் சிலிண்டரைப் பார்த்தேன். கேஸ் கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். அந்த எச்சரிக்கை இனி இவருக்கு வேலை செய்யாது.

வீட்டில் முதல் முறை பார்த்தபோது

விபத்து நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல் மாடி, ஒற்றை அறை வீடு. செங்குத்தான படிக்கட்டு. நடைபாதையில் வரிசையாகத் தண்ணீர்க் குடங்கள். காலை அகட்டி வைத்து, சுவரை விரலால் தொட்டுக்கொண்டு நடந்தார். குறுகலான சந்து அவருக்கு வசதியாகவே இருந்தது. விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே உடம்பின் ஆட்டம் குறையும், மூளைக்கு அது ஒரு தகவல். துறைமுகத்தின் அகலமான ஈரத் தரைதான் அவரைப் பயமுறுத்தியது. அங்கே தொட எதுவும் இல்லை.

பெர்க் சமநிலை அளவில் 56-க்கு 34. பொதுவாக 45-க்குக் கீழே என்றால் விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வோம். மான்ட்ரியல் அறிவாற்றல் சோதனையின் தமிழ் வடிவத்தில் 30-க்கு 17. ஐந்து சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் ஒன்றுகூட வரவில்லை. "அஞ்சு வார்த்தையா? நீங்க சொல்லவே இல்லையே தம்பி" என்றார். அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே நம்பினார்.

தலைசுற்றல்

'தலை சுத்துது' என்று அவர் சொன்னதில் இரண்டு விஷயம் கலந்திருந்தது. கட்டிலில் வலப்பக்கம் திரும்பினால் சில நொடி அறையே ராட்டினமாகச் சுற்றும். நிற்கும்போது அப்படி இல்லை, தள்ளாட்டம் மட்டும்தான். முதலாவது காதின் சமாச்சாரம். உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் தலையில் அடிபட்டதும் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். தலையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்துப் படுக்கவைத்துப் பார்த்ததில் கண்மணி துடித்தது, உறுதியாகிவிட்டது. எப்லி முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பிப் படிகங்களை வெளியே கொண்டுவந்தோம். அந்த வாரமே சுற்றல் நின்றது. இதற்காக மூன்று மாதமாக மருந்துக் கடையில் வாங்கித் தலைசுற்றல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னரிசின் வகை மாத்திரை மாதக்கணக்கில் தொடர்ந்தால் தூக்கக் கலக்கமும் மனச்சோர்வும் வரலாம், நடை மந்தமாகலாம், மூளை தானாகப் பழகிக்கொள்வதும் தாமதமாகும். டாக்டரிடம் கேட்டு அதை நிறுத்தினோம். தலையில் அடிபட்ட யாராவது படுக்கையில் திரும்பினால் சுற்றுகிறது என்று சொன்னால், தயவுசெய்து இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

தள்ளாட்டம் அப்படிப் போகவில்லை. நாம் நிற்பதற்குக் காது, கண், பாதம் என்று மூன்று வழியில் தகவல் போகிறது. சிறுமூளை அதைச் சேர்த்துப் பார்க்கிறது. சேர்க்கிற இடமே சரியில்லாததால் இவர் கண்ணை அதிகமாக நம்பினார். கரண்ட் போனால் விழுவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடினால் விழுவார். அப்படி ஒரு காலையில் குளியலறையில் விழுந்தவரைத் தூக்க மகள் ஓடி வந்திருக்கிறாள். "ஒண்ணும் இல்லம்மா, தரை இருக்குதான்னு செக் பண்ணேன்" என்றாராம். மகள் சிரிக்கவில்லை. "இன்னொரு தபா செக் பண்ணா நான் காலேஜுக்குப் போக மாட்டேன் நைனா" என்று அழுதிருக்கிறாள். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து குளிக்க அவர் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான். நான் சொன்னபோது கேட்காதவர்.

பயிற்சிகள் வழக்கமானவைதான்: காலைச் சேர்த்து நிற்பது, ஒரு பாதத்துக்கு முன் இன்னொன்றை வைத்து நிற்பது, தலையணை மேல் நிற்பது. தலையைத் திருப்பும்போது பார்வை நிலைக்க ஒரு பயிற்சி உண்டு. ஒரு எழுத்தைப் பார்த்துக்கொண்டே தலையை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். எழுத்துக்குப் பதில் சுவரில் இருந்த தினசரி காலண்டரின் பெரிய தேதி எண்ணைக் கொடுத்தேன். கண்ணுக்கும் பயிற்சி, தேதியும் மனதில் நிற்கும். நடுவில் ஒரு சிக்கல் வந்தது. கிழித்ததை மறந்து ஒரே நாளில் இரண்டு தாள் கிழித்துவிட்டார். கேட்டதற்கு, "உங்களுக்கெல்லாம் ஒரு நாள் முன்னாடி வாழ்றேன், நாளைக்கு மீன் என்ன விலைன்னு கேளுங்க சொல்றேன்" என்றார். அன்று முதல் தாள் கிழிப்பது மகளின் வேலை.

ஞாபகமும் கேரமும்

வடசென்னையில் கேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். இந்தப் பக்கத்துத் தெருக்களில் போர்டும் போரிக் பவுடரும் இல்லாத முனை குறைவு.

மாஸ்டரைக் கிளப்புக்குக் கூட்டிப் போனபோது அவருக்கு அன்று காலை சாப்பிட்டது நினைவில்லை. தொங்கும் பல்புக்குக் கீழே ஸ்ட்ரைக்கரை வைத்து, கண்ணைச் சுருக்கி, எதிர்க்கட்டையில் அடித்துத் திரும்பி வரும் ஷாட்டில் ஒரு வெள்ளைக் காயைக் குழியில் போட்டார். நடந்ததை நினைவில் வைக்கும் பாதை ஒன்று, கைப்பழக்கத்தின் பாதை இன்னொன்று. இரண்டாவதுக்கு அடிபடவில்லை. அந்த ஷாட் விழுந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். விபத்துக்குப் பிறகு அவர் தன்னை நம்பியதை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

யார் ஆட வேண்டும், எத்தனை பாயின்ட் என்பது மறந்துவிடும். பாயின்ட்டைப் பையன்கள் சுவரில் சாக்பீஸால் எழுதினார்கள். ஸ்ட்ரைக்கர் யார் கையில் இருக்கிறதோ அவர் முறை என்று வைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லித்தராமல் அவர்களே கண்டுபிடித்தது. மறதிக்கு வெளியில் இருந்து துணை கொடுப்பதுதான் இதுவரை நன்றாகப் பலன் தரும் வழி என்று நாங்கள் படித்ததை அந்தப் பையன்கள் செய்து காட்டினார்கள். நான் சேர்த்தது ஒன்றுதான்: முக்காலியை எடுத்துவிட்டு நின்றபடி ஆடவைத்தேன். போர்டின் மூலை வரை எட்டி எட்டிக் குறிபார்க்கும்போது உடம்பின் எடை இப்படியும் அப்படியும் மாறும். அதைவிட நல்ல சமநிலைப் பயிற்சியை நான் கொடுத்திருக்க முடியாது.

கேரமில் ரெட், அதாவது சிவப்புக் காயைப் போட்டால் அடுத்து ஒரு ஃபாலோ, அதாவது தன் காய் ஒன்றைப் போட வேண்டும். போடாவிட்டால் ரெட் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். வீட்டு வேலைக்கும் அதையே விதியாக்கினோம். அடுப்பைப் பற்றவைப்பது ரெட், ரெகுலேட்டரை மூடுவது ஃபாலோ. கதவைப் பூட்டுவது ரெட், சாவியை ஆணியில் மாட்டுவது ஃபாலோ. எத்தனையோ பட்டியல் எழுதி ஒட்டியும் நிற்காதது இந்த ஒரு சொல்லால் நின்றது. "ஃபாலோ போட்டியா?" என்று மனைவி சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தால் போதும். மாத்திரைக்கு மட்டும் இந்த விதியைக் கொண்டுவரவில்லை. சாப்பிட்டுவிட்டுக் குறிக்க மறந்தால் இரண்டாம் முறை சாப்பிட்டுவிடுவார். அதற்குக் கிழமை போட்ட மாத்திரை டப்பா. அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று.

எந்தச் சிரிப்பு?

முன்மூளை பாதிக்கப்பட்டவர்கள் நேரம் காலம் தெரியாமல் ஜோக் அடிப்பதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் பதிவு செய்திருக்கிறார். 1999-ல் வெளியான டொராண்டோ ஆய்வு ஒன்று, வலது முன்மூளையில் காயம் உள்ளவர்களுக்கு நகைச்சுவையைப் புரிந்து ரசிப்பது குறைகிறது என்று காட்டியது. ஆக, மருத்துவமனையில் சந்தேகப்பட்டது நியாயமே. ஆரம்பத்தில் ஒரு சாவு வீட்டில் மாஸ்டர் ஏதோ கிண்டலாகச் சொல்லி, உறவுக்காரர்கள் எழுந்து போயிருக்கிறார்கள். அதையே மூன்று தடவை சொல்லியிருக்கிறார்.

அவர் மனைவியிடம் கேட்டேன்: முன்பு இப்படிப் பேசுவாரா? "பேசுவாரு. ஆனா எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியப் பாத்துப் பேசுவாரு" என்றார். எந்தச் சோதனைத் தாளிலும் இல்லாத அளவுகோல் இது. இதையே வைத்துக்கொண்டோம். கேட்பவர் முகத்தைப் பார்க்கிறாரா? போதும் என்றால் நிறுத்துகிறாரா? மற்றவர் ஜோக்குக்குச் சிரிக்கிறாரா? முதல் மாதங்களில் மூன்றுக்கும் பதில் 'இல்லை'. ஆறாம் மாத வாக்கில், தெருவில் ஒருவர் "காலையிலேயே போட்டுட்டியா?" என்று கேட்டதற்கு, ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரக்கு செலவே இல்லாம தள்ளாடுறேன்யா, டாஸ்மாக்குக்குத்தான் நஷ்டம்" என்றார். கேட்டவர் சிரித்துவிட்டுக் கையைப் பிடித்துச் சாலை கடக்க உதவினார். இந்த ஜோக் அவருடையது, காயத்துடையது அல்ல என்று அன்றைக்குக் குறித்துவைத்தேன்.

தள்ளாடுகிறவர்களைக் குடிகாரர் என்று நினைப்பது இங்கே சாதாரணம். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், விழுந்தால் தூக்க மாட்டார்கள். அவர் முந்திக்கொண்டு பேசியது அவரைக் காப்பாற்றியது. ஆனால் அடுத்தவர் ஆரம்பித்தால் கதை வேறு. டீக்கடையில் ஒருவர் "ஏ தள்ளாட்டம்" என்று கூப்பிட்ட பிறகு இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவர் தொடங்கினால் நாம் சிரிக்கலாம், நாம் தொடங்கக் கூடாது. கிளப் பையன்களிடம் இதை உட்கார்ந்து பேசினேன். பேசாமலே பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.

மனநிலையும் மனைவியும்

வெளியே எல்லோரும் 'மாஸ்டர் மாதிரி வருமா' என்பார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அவரைப் பார்ப்பது மனைவி மட்டும்தான். அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும், களைப்பு கோபமாக வரும். தட்டைத் தள்ளிவிடுவார், காரணமில்லாமல் அழுவார், காலையில் எதுவும் நினைவிருக்காது. "நேத்து சண்டை போட்டோமா? எனக்கு ஞாபகம் இல்லையே. அப்போ நான்தான் ஜெயிச்சிருப்பேன்" என்பார். அந்த அக்காவுக்கு விடிகாலையில் மீன் எடுக்கப் போய்க் கூடை விற்றுவிட்டு வந்து இதைக் கேட்க வேண்டும். அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. மறந்தவருக்குச் சிரிப்பு வருகிறது, மறக்காதவருக்கு எப்படி வரும்?

ஒரு நாள் அவரிடம் தனியாகக் கேட்டேன்: "எந்த ஜோக் உங்களுக்குச் சிரிப்பா இல்ல அக்கா?" யோசிக்கவே இல்லை. "'நான் போயிட்டா உனக்கு ஒரு கூடை வேலை குறையும்'னு சொல்றாரு பாருங்க, அது." எவ்வளவு நாளாகச் சொல்கிறார் என்று கேட்டதற்கு, ரொம்ப நாளாக என்றார். மூளைக்காயத்துக்குப் பிறகு மனச்சோர்வு சகஜம், தற்கொலை ஆபத்தும் கூடுதல். அன்றே மாஸ்டரிடம் நேராகக் கேட்டேன்: சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? நேராகக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ராத்திரியில தோணும் தம்பி. பகல்ல வெக்கமா இருக்கும்" என்றார்.

மனச்சோர்வுக் கேள்வித்தாளில் 27-க்கு 14 வந்தது. அந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்த்தோம், செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தொடங்கினார்கள். மாத்திரைகளை மனைவி வைத்துக்கொண்டார். மனநல உதவிக்கான கட்டணமில்லா டெலி மானஸ் எண் 14416 காலண்டருக்குக் கீழே ஒட்டப்பட்டது. மாலை வேலைகளைக் காலைக்கு மாற்றினோம். மதியம் ஒரு மணி நேரம் டிவி இல்லாத ஓய்வு. ஏழு மணிச் சண்டைகள் பெரும்பாலும் இதிலேயே குறைந்தன. அக்காவுக்கு வாரத்தில் ஒரு சாயங்காலம் தங்கை வீட்டில். அந்த நேரம் மாஸ்டர் கிளப்பில் பையன்கள் பொறுப்பு.

இன்னொன்றையும் அக்காவிடம் கற்றேன். மாஸ்டர் கிண்டல் அடிக்காத நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். காலையில் எழுந்ததும் ஏதாவது ஒன்று சொல்லாமல் டீயை வாங்கிக்கொண்டால் எனக்கு போன் வரும். கேள்வித்தாளைவிட இந்த போன்தான் முந்திக்கொண்டது.

இப்போது

விபத்து நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பெர்க் அளவு 47. அறிவாற்றல் சோதனை 21, அதில் ஐந்து சொற்களில் இரண்டு வருகிறது. மனச்சோர்வு மதிப்பெண் 6. மூக்கு திரும்பவில்லை, இனி வருவது சந்தேகம். படகில் ஏறி வேலை செய்வதில்லை, ஏறக் கூடாது என்றே சொல்லியிருக்கிறேன். இன்ஜினைக் கரைக்குக் கொண்டுவந்தால் சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்கிறார், பழுது பார்ப்பது அவரிடம் தொழில் கற்றவர். கூலி பாதிதான் வருகிறது.

அவருக்கு மாற்றுத்திறனாளி அட்டை இன்னும் கிடைக்கவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு சொல்லியிருக்கிறது; மூளைக்காயம் என்று தனி வகை இல்லை. நடை, மனநிலை, ஞாபகம் என்று மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் போன ஒருவரை எந்த வகையில் சேர்ப்பது, தேவையான 40 சதவீதப் பாதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வியிலேயே விண்ணப்பம் நிற்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சமாளிக்கக்கூடியதாகத் தெரியும், சேர்ந்து வரும்போதுதான் ஒரு மெக்கானிக்கின் பிழைப்பு போகிறது. நரம்பியல், மனநலம் இரண்டு துறையின் அறிக்கைகளையும் என் மதிப்பீட்டையும் சேர்த்து மறுபடி விண்ணப்பிக்கிறோம். மருத்துவக் குழு முன்னால் போகும்போது கிண்டல் வேண்டாம், நல்லா இருக்கீங்கன்னு நினைச்சுடுவாங்க என்று மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். "அதையும் மறந்துட்டா?" என்று கேட்கிறார். கூட அக்கா போகிறார்.